குரல் உதவியாளர் நம் பேச்சை எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறதா?

அலெக்சா போன்ற குரல் உதவியாளரைக் கட்டளைக்குத் தயாராக்கும் பெயரழைப்பே 'விழிப்புச் சொல்' ஆகும். ஒலிவாங்கி எந்நேரமும் திறந்திருந்தாலும், கருவி தனக்குள்ளேயே அந்தச் சொல்லை மட்டும் தேடிக்கொண்டிருப்பதால், அது ஒலித்ததாகக் கருதிய பிறகே நம் பேச்சு, கருவியை இயக்கும் நிறுவனத்தின் சர்வருக்குச் (தொலைவிலுள்ள கணினிக்கு) செல்கிறது. வகுப்பில் தூங்கி வழியும் மாணவன் தன் பெயர் கேட்டதும் திடுக்கிட்டு எழுவதைப் போன்றது இது. ஒத்த ஒலியுள்ள வேறு பெயருக்கும் அவன் எழுந்துவிடுவான் என்பதே சிக்கல். அவ்வாறு தவறுதலாகப் பதிவானவையும் சேமிக்கப்படலாம். பதிவுகளின் மாதிரிகளை நிறுவன ஊழியர்கள் கேட்டுவந்தது 2019-இல் வெளியே தெரிந்தது. எனவே விளக்கு, மின்விசிறிக்குப் பயன்படுத்துங்கள்; படுக்கையறையில் வேண்டாம்; பழைய பதிவுகள் தாமே அழியுமாறு அமைத்துவிடுங்கள். கருவி மௌனமாக இருந்தால் அணைந்திருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் அலெக்சா கருவிகளில், ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்திச் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் அது கேட்பதை நிறுத்தியதாகப் பொருள்.