டிரிப்ஸ் பணி: செவிலியர் ஒருவரின் கேள்வி பதில்

உதகமண்டலத்தில் பல ஆண்டுகளாக டிரிப்ஸ் பொறுப்பைக் கவனித்து வரும் செவிலியர் என்ற முறையில், எனக்கு வந்த கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கோத்தகிரி, பிளஸ் டூ மாணவி: சிஸ்டர், இதற்கெனத் தனிப் படிப்பு உண்டா?

தனிப் பட்டத்தைத் தேட வேண்டாம், தங்கையே. மூன்றாண்டு ஜி.என்.எம். (பொதுச் செவிலியம், மகப்பேறு பட்டயப் படிப்பு) அல்லது நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டால் போதும். மற்றவை வார்டில்தான் கைவரும். அமெரிக்காவில் இப்பணிக்கு சி.ஆர்.என்.ஐ. என்ற சான்றிதழ் இருக்கிறது. அத்தேர்வுக்கு இரண்டு ஆண்டுகளில் 1,600 மணி நேர அனுபவம் கேட்கிறார்கள்.

குன்னூர், புதிய செவிலியர்: மார்கழிக் காலையில் தோட்டத் தொழிலாளர்களுக்கு நரம்பே கிடைப்பதில்லை. என்ன செய்வது?

நாம் வழக்கத்தில் நரம்பு என்று சொல்லும் அந்த இரத்தக் குழாய் குளிரில் சுருங்கிவிடுவதால், அவசரமில்லாத நேரத்தில் ஊசியை எடுக்கும் முன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை, சூட்டை உங்கள் மணிக்கட்டில் சோதித்த பிறகு, நோயாளியின் கையில் சில நிமிடங்கள் சுற்றி வைத்து, கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடச் சொல்லுங்கள். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கையில் கண்ணை நம்பாமல் விரலால் தடவிப் பாருங்கள். புறங்கையைவிட முன்கை பெரும்பாலும் உதவும். சாதாரண டிரிப்ஸுக்கு நீல நிற 22 கேஜ் என்ற மெல்லிய ஊசி போதுமென்ற இடத்தில், அதைவிடத் தடித்த பச்சை 18-ஐத் திணிப்பது வீண் பிடிவாதம். இரண்டு முறை தவறினால் மூத்தவரை அழையுங்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை, நானும் அழைத்திருக்கிறேன்.

கூடலூர், ஒரு தாய்: என் மகனுக்கு அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை இரத்த நோய். ஒவ்வொரு முறையும் ஏன் பல இடங்களில் குத்துகிறார்கள்?

அம்மா, அடிக்கடி ஊசி ஏறிய குழாய்கள் தழும்பேறித் தடித்துவிடுகின்றன. உடலில் நீர் குறைந்த நேரத்தில் அவை இன்னும் ஒடுங்குகின்றன. சென்ற முறை எந்த இடம் எளிதாகக் கிடைத்தது என்பதைச் செவிலியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஏறும்போது எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால், பாட்டில் முடியட்டும் என்று காத்திராமல் உடனே கூப்பிடுங்கள்.

உதகை, நர்சிங் மாணவர்: டிரிப்ஸின் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் பம்ப் வந்த பிறகும் சொட்டுக் கணக்கு தேவையா?

தேவை. மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் டிரிப்ஸ் குழாய் செட்டில் 500 மில்லியை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமானால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போகும் இரவில், பம்பின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் இக்கணக்கே கைகொடுக்கும். மேலும், மருந்து இரத்தக் குழாயை விட்டுச் சுற்றியுள்ள திசுக்களுக்குள் கசிந்தாலும் பம்ப் சில வேளைகளில் ஓசையின்றி ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே குழந்தைகளுக்கு மணிக்கொரு முறையேனும் ஊசி ஏறிய இடத்தைப் போர்வை விலக்கிப் பாருங்கள்.