பீப்பாயில் இருக்கும் ஒயினுக்கு இப்போதே பணம் கட்டலாமா? கேள்வி பதில்

லண்டனில் ஒயின் இறக்குமதி செய்யும் கடை ஒன்றில் பதினான்கு வருடம் வேலை பார்த்தேன். பிரான்சின் போர்தோ பகுதி ஒயினைப் பாட்டிலில் அடைப்பதற்கு முன்பே வாங்கி விற்பதுதான் என் பிரிவு. பிரெஞ்சில் இதை ஆன் ப்ரிமர் என்பார்கள். போன வாரம் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன், நாற்பதுக்கு மேல் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

முருகேசன், சிங்கப்பூர்: எங்கள் சேலம் பக்கம் மாந்தோப்பைப் பூவிலேயே விலை பேசி முடித்துவிடுவார்கள். இதுவும் அதே கதைதானா சார்?

பாதிக் கதை அதேதான். போர்தோவில் ஒரு காலத்தில் திராட்சை கொடியில் தொங்கும்போதே வியாபாரிகள் விலை பேசியிருக்கிறார்கள். இப்போது அப்படி இல்லை. 2022 அறுவடையையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இலையுதிர் காலத்திலேயே திராட்சை பறித்து, நொதிக்க வைத்து, 225 லிட்டர் ஓக் பீப்பாய்களில் ஊற்றியாயிற்று. 2023 ஏப்ரலில் வியாபாரிகளும் விமர்சகர்களும் போய் ருசி பார்த்தார்கள். மே, ஜூனில் ஒவ்வொரு ஷத்தோவாக விலை சொன்னது. ஷத்தோ என்றால் மாளிகை, ஆனால் இங்கே தோட்டம், ஆலை எல்லாம் சேர்ந்த பண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 நடுவில்தான் பாட்டில். பணம் கட்டியவர் பெட்டியைப் பார்க்க 2025 ஆகிவிட்டது.

ஆக மழை, ஆலங்கட்டி, பூஞ்சை எல்லாம் தோட்டக்காரர் தலையோடு போய்விடும். மாந்தோப்புக் குத்தகைக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார். நீங்கள் பார்க்க வேண்டியது விலையை மட்டும்தான்.

பிரியா, கோவை: ஷத்தோவிடமே நேராக வாங்கினால் மலிவாக இருக்காதா?

பேர்பெற்ற ஷத்தோக்கள் உங்களுக்கும் எனக்கும் நேரே விற்காது. அவை நெகோசியான் என்ற மொத்த வியாபாரிகளுக்கு விற்கும். நடுவில் கூர்த்தியே என்ற தரகர் இருப்பார், அவர் பங்கு வழக்கமாக 2 சதவீதம். நெகோசியான் தன் லாபத்தை வைத்து எங்களைப் போன்ற இறக்குமதியாளருக்கு விற்பார், நாங்கள் உங்களுக்கு. இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் லா பிளாஸ் என்று பெயர். சந்தை என்று அர்த்தம், ஆனால் போய் நிற்க ஓர் இடம் கிடையாது. எல்லாம் ஃபோனும் மின்னஞ்சலும்தான்.

இத்தனை கை எதற்கு என்று கேட்பீர்கள். ஷத்தோவுக்கு வாடிக்கையாளரைத் தேடும் வேலை மிச்சம், பணம் முன்கூட்டியே வந்துவிடும். நெகோசியானுக்கு வருடா வருடம் இவ்வளவு என்று ஒதுக்கீடு கிடைக்கும். ஆனால் அதில் ஒரு கொக்கி உண்டு. 2013 போல மோசமான வருடத்தில் ‘இந்தத் தடவை வேண்டாம்’ என்றால், அடுத்து நல்ல வருடம் வரும்போது அவர் பங்கு குறைந்துவிடலாம். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்குவார்கள். அந்தச் சரக்கு வருடக்கணக்கில் அவர்கள் கிடங்கில் தூங்கும். இதை மனதில் வையுங்கள், லாபக் கேள்விக்கு வரும்போது தேவைப்படும்.

தமிழ்ச்செல்வி, மில்டன் கீன்ஸ்: பீப்பாய் ஒயினை ருசித்தால் என்ன தெரியும்? குடிக்க முடியுமா?

குடிக்கலாம், சுகமாக இருக்காது. ஆறு மாதக் குழந்தை அது. முதல் வாய்க்கே நாக்கை இழுத்துப் பிடிக்கும். கடுக்காயைக் கடித்துப் பார்த்திருந்தால் உங்களுக்கு விளக்கவே வேண்டாம், அதே துவர்ப்பு. பிரெஞ்சுக்காரர் டானின் என்று பக்கம் பக்கமாக எழுதுவதை நம் பாட்டிகள் துவர்ப்பு என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நாளொன்றுக்கு அறுபது, எழுபது ஒயின். எல்லாவற்றையும் துப்பிவிட வேண்டும். மாலையில் கண்ணாடியில் பார்த்தால் நாவல்பழம் தின்ற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பல்லும் உதடும் ஊதாவாக இருக்கும்.

தேட வேண்டியது துவர்ப்புக்குப் பின்னால் பழம் இருக்கிறதா என்பதை. விழுங்காமல் துப்பிய பிறகும் வாயில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்போம். அப்புறம் ஒரு ரகசியம். நாங்கள் ருசிப்பது சின்ன மாதிரிப் பாட்டிலில் வரும் கலவை. கபர்னே சோவிஞ்ஞோன், மெர்லோ என்ற திராட்சை வகைகள் எவ்வளவு என்பது ஏறக்குறைய முடிவாகியிருக்கும், ஆனால் பாட்டிலில் வரப்போவது துளி மாறாமல் இதே ஒயின்தான் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். அந்த மாதிரிப் பாட்டிலைத் திறந்து ஒரு நாள் ஆகியிருந்தாலும் ருசி வேறு. ஒரே ஒயினைக் காலையில் ஓர் இடத்திலும் மாலையில் இன்னோர் இடத்திலும் ருசித்துவிட்டு, இரண்டுக்கும் வேறு வேறு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.

அர்ஜுன், பெங்களூரு: அப்படியானால் நூற்றுக்கு 95–97 என்று விமர்சகர் போடும் மதிப்பெண்ணை நம்பலாமா?

அது ஒற்றை எண்ணாக இல்லாமல் 95 முதல் 97 வரை என்று இருப்பதே நீங்கள் கேட்டதற்குப் பதில். ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்கர் 1982 வின்டேஜை, அதாவது அந்த வருட அறுவடையில் செய்த ஒயினை, பீப்பாயிலேயே ருசித்துவிட்டுத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். மற்ற பலர் தயங்கியபோது அவர் சொன்னது பலித்தது. அதன் பிறகு முப்பது வருடம் அவர் எண்ணுக்காகக் காத்திருந்து விலை சொன்ன ஷத்தோக்கள் உண்டு. 2014 வின்டேஜிலிருந்து அவர் பீப்பாய் ருசியை விட்டுவிட்டார். இப்போது பத்துப் பேர் எண் போடுகிறார்கள், அவரவர் நாக்கு அவரவருக்கு. ஒரு விமர்சகரைப் பிடித்துக்கொண்டு, அவர் முன்பு புகழ்ந்த ஒயினை ஒரு பாட்டில் வாங்கிக் குடித்துப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்தால் அவரைத் தொடருங்கள்.

நிஷாந்தன், ஹாரோ: அண்ணை, வங்கியிலை போடுறதை விட இது நல்ல முதலீடு எண்டு ஒருத்தர் சொல்லுறார். உண்மையே?

இதையே பதினோரு பேர் கேட்டிருந்தார்கள். தம்பி, சொன்னவர் எதையாவது விற்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

லாபம் வந்த வருடங்கள் உண்டு, மறுக்கவில்லை. உலகப் பொருளாதாரம் கவிழ்ந்த பின் 2009 வசந்தத்தில் 2008 வின்டேஜ் இறங்கிய விலைக்கு வந்தது. அப்போது லாஃபிட் என்ற பேர்பெற்ற ஷத்தோவின் ஒயினை வாங்கியவர்களுக்கு லாட்டரிதான். ஹாங்காங் 2008-லேயே ஒயின் வரியை எடுத்துவிட்டிருந்தது, சீனப் பணம் வெள்ளமாக வந்தது. அந்த வின்டேஜ் பாட்டிலில் சீனர்களுக்கு ராசியான எட்டு என்ற எண்ணைச் சீன எழுத்தில் பொறிக்கப்போவதாக லாஃபிட் அறிவித்ததும் விலை இன்னும் எகிறியது. 2020-இல் கோவிட் நேரத்தில் வந்த 2019-உம் நல்ல வாங்கல். பொந்தே-கானே என்ற ஷத்தோ முதல் ஆளாக ஏறக்குறைய 30 சதவீதம் குறைத்து இறங்கியதும் மற்றவர்களும் வழிக்கு வந்தார்கள்.

மறுபக்கமும் கேளுங்கள். 2009, 2010 இரண்டும் அருமையான வின்டேஜ்கள், விலையும் வானத்தில். 2011 கோடையில் நானே போயாக் பகுதி ஒயின் ஒன்றை, கடை ஊழியர் சலுகையோடு, பெட்டி 900 பவுண்ட் கொடுத்து வாங்கினேன். ஐந்து வருடம் கழித்து அதே 2010, அதே ஒயின், வேறொரு கடையின் பட்டியலில் 720-க்குக் கிடந்தது. சேமிப்புக் கட்டணம் வேறு நான் கட்டிக்கொண்டிருந்தேன். தொழில் தெரிந்தவனுக்கே இந்த கதி. 2022 கடைசியில் சந்தை மறுபடி இறங்கத் தொடங்கியது. 2023 வின்டேஜை லாஃபிட்டே முந்தைய வருடத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டித்தான் விற்க முடிந்தது.

நான் இப்போது செய்வது ஒன்றே ஒன்று. புது விலை வந்ததும், அதே ஷத்தோவின் பாட்டிலில் அடைத்த பழைய வின்டேஜ்களை, அதே தரத்தில் உள்ளவற்றை, எடுத்துப் பார்ப்பேன். பத்து வருடம் முதிர்ந்து குடிக்கத் தயாராக இருக்கும் 2014 அதே விலைக்கு அல்லது அதற்கும் கீழே கிடைத்தால், பீப்பாயில் இருப்பதற்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? நெகோசியான் கிடங்கில் தூங்கும் சரக்கைச் சொன்னேனே, அது இப்படித்தான் நமக்கு உதவும். பல வருடங்களில் இந்தக் கணக்கு ‘வாங்காதே’ என்றுதான் சொல்கிறது.

லோகேஷ், சென்னை: லத்தூர் என்ற பெரிய ஷத்தோ ஏன் ஆன் ப்ரிமரிலிருந்து விலகியது?

2012 ஏப்ரலில் அறிவித்தார்கள், கடைசியாக இப்படி விற்றது 2011 வின்டேஜ். குடிக்கும் பக்குவம் வந்த பிறகு தங்கள் கிடங்கிலிருந்தே வெளியே விடுகிறார்கள். வருடக்கணக்கில் பணம் உள்ளே முடங்கினால் தாங்கும் முதலாளி இருக்கிறார், செய்கிறார்கள். சின்ன ஷத்தோ அதே வேலையைச் செய்தால் அடுத்த அறுவடைக்குக் கூலி கொடுக்கக் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

சுகந்தி, டொரான்டோ: பணம் கட்டி இரண்டு வருடம் கழித்துக் கடையே இல்லாமல் போனால்?

நியாயமான பயம். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு பெரிய ஒயின் கடை 2016 ஜனவரியில் திவாலானது. இன்னும் வந்து சேராத ஒயின் என்று சொல்லி வருடக்கணக்கில் முன்பணம் வாங்கியிருந்தார்கள். பல பெட்டிகளை யாரிடமும் ஆர்டரே செய்திருக்கவில்லை. ஒருவர் பணத்தில் இன்னொருவருக்கு ஒயின், நம் ஊர் சீட்டுக் கம்பெனி மாதிரியே. முதலாளிக்கு ஆறரை வருடச் சிறை. அதனால் மற்ற எல்லாக் கடையையும்விட நிறைய மலிவாகச் சொல்லும் கடை பக்கம் போகாதீர்கள். பழைய, பெயர் கெடாத கடையாகப் பாருங்கள். ஒயின் வந்து இறங்கியதும் கிடங்கில் உங்கள் பெயரில்தான் பதிவாகியிருக்க வேண்டும், கடையின் பெயரில் அல்ல. அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள் அக்கா, பணம் உங்களுடையது.

கணேஷ், லண்டன்: விலைப் பட்டியலில் ‘இன் பாண்ட்’ என்று போட்டிருக்கிறார்கள். அதுதான் முழு விலையா?

இல்லை. சுங்கத் தீர்வையும் வாட் வரியும் கட்டாமல் கிடங்கில் இருக்கும் விலை அது. ஆறு பாட்டில் 300 பவுண்ட் என்றால், வீட்டுக்கு எடுக்கும்போது பாட்டிலுக்கு ஏறத்தாழ 3 பவுண்ட் தீர்வை, 18. மொத்தம் 318. அதன் மேல் 20 சதவீதம் வாட். 380-ஐத் தாண்டிவிடும். வருடா வருடம் சேமிப்புக் கட்டணம் தனி. கிடங்கிலேயே விற்றுவிட்டால் தீர்வையும் வாட்டும் உங்கள் தலையில் விழாது. சிங்கப்பூர்க்காரர்களுக்குத் தீர்வை ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி, அதாவது 13 சதவீத ஒயின் பாட்டிலுக்கு எட்டரை வெள்ளி போல, மேலே ஜிஎஸ்டி.

ரேவதி, சென்னை: லண்டனில் வாங்கி வைத்துவிட்டு இங்கே கொண்டுவர முடியுமா?

விமானத்தில் வரும்போது தலைக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். பெட்டியாக இறக்க நினைக்காதீர்கள், வரியைக் கேட்டால் ஒயினே கசந்துவிடும்.

விஜய், ரெடிங்: போன வருடம் மகள் பிறந்தாள். அவளுடைய பதினெட்டாவது பிறந்தநாளுக்கு அந்த வருடத்து ஒயினை இப்படி வாங்கி வைக்கலாமா அண்ணா?

இவ்வளவு நேரம் வேண்டாம் வேண்டாம் என்றவன் இப்போது வாங்குங்கள் என்கிறேன். உங்களுக்கு லாபக் கணக்கே கிடையாது. அதோடு பாட்டில் அளவைக் கேட்டு வாங்க இதுதான் சமயம். ஒன்றரை லிட்டர் மேக்னம் கேளுங்கள். பெரிய பாட்டிலில் ஒயின் மெதுவாக முதிரும், பதினெட்டு வருடத்துக்கு அதுதான் தோது. பின்னால் கடையில் தேடினால் மேக்னம் சுலபமாகச் சிக்காது. பெரிய பெயருக்குப் போக வேண்டியதில்லை, போயாக்கிலோ சான் ஜூலியானிலோ நடுத்தர விலையில் கபர்னே அதிகமுள்ள ஒயின் போதும். மூன்று மேக்னம் வாங்குங்கள். ஒன்றைப் பன்னிரண்டாம் வருடம் திறந்து எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். வீட்டு அலமாரியில் வைக்காதீர்கள், கிடங்கிலேயே இருக்கட்டும்.

பெட்டி கைக்கு வந்ததும் மரத்தின் மேல் பேனாவால் எதையும் எழுதாதீர்கள் என்று எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்வேன், விற்கும்போது விலை இறங்கிவிடும். நீங்கள் தாராளமாக மகள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.