எதிரெதிர்க் கண்ணாடிகளுக்குள் ஒளி: கேள்வி பதில்

கே: எதிரெதிரே வைத்த கண்ணாடிகளில் உள்ளே போகப் போக ஏன் பச்சையாகத் தெரிகிறது?

ப: சாதாரணக் கண்ணாடியில் எதிரொளிக்கும் பூச்சு பின்பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு முறை பட்டுத் திரும்பும்போதும் ஒளி கண்ணாடியின் தடிமனை இருமுறை கடக்கிறது. கண்ணாடியில் கலந்துள்ள இரும்பு சிவப்பைக் கொஞ்சம் விழுங்கும். முதல் பிம்பத்தில் தெரியாது, இருபதாவதில் தெரியும்.

கே: பின்கண்ணாடிக்கும், கொஞ்சம் ஒளியை வெளியே விடும் படலம் ஒட்டிய முன்கண்ணாடிக்கும் நடுவே எல்இடி பட்டையை வைத்து, விளக்கு வளையங்கள் சுரங்கம்போல் உள்ளே போவதாகத் தெரியும் முடிவிலாக் கண்ணாடி செய்தேன். சுரங்கம் ஒரு பக்கமாக வளைகிறது. ஏழெட்டு வளையத்துக்கு மேல் தெரியவும் இல்லை.

ப: இரண்டும் வெவ்வேறு கோளாறு.

வளைவுக்குக் காரணம், இரண்டு கண்ணாடிகளும் இணையாக இல்லை. அரை டிகிரி சாய்வு இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் பிம்பம் ஒரு டிகிரி திரும்பும், பத்தாவது வளையம் பத்து டிகிரி விலகும். 30 செ.மீ. அகலத்தில் அரை டிகிரி என்பது வெறும் 2.6 மி.மீ. நான்கு மூலையிலும் இடைவெளியை அளந்து, குறைந்த மூலையில் அட்டைத் துண்டு வையுங்கள்.

மங்கலுக்குக் காரணம் முன்பக்கம். பின்கண்ணாடி 90%, முன்படலம் 70% எதிரொளித்தால் ஒரு சுற்றில் மிஞ்சுவது 63%. பத்துச் சுற்றில் சுமார் 1%. முன்னதையும் 90% ஆக்கினால் பத்தாவது சுற்றில் 12% மிஞ்சும். ஆனால் வெளியே வரும் ஒளி குறைவதால் அறையை நன்றாக இருட்டாக்க வேண்டும். எதை விட்டுக்கொடுப்பது என்பது உங்கள் விருப்பம். படலத்தை உள்பக்கமாக ஒட்டுங்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்துவிட்டால் குமிழி நிற்காது. இணையாக இருக்கிறதா என்று லேசரை அடித்துப் பார்க்காதீர்கள். கதிர் எந்தப் பக்கம் திரும்பிக் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது.

கே: இரண்டு கண்ணாடிகளை 60 டிகிரி கோணத்தில் வைத்தால் நடுவில் உள்ள பொருளுக்கு எத்தனை பிம்பம்?

ப: ஐந்து. 360-ஐக் கோணத்தால் வகுத்து ஒன்றைக் கழியுங்கள். வகுத்து வருவது ஒற்றை எண்ணானால், பொருள் நடுக்கோட்டில் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

கே: ஏன் பச்சை நிறம்?

ப: முதல் பதில்.

கே: அறை முழுக்கக் கண்ணாடி பதித்து விளக்கை அணைத்தால் வெளிச்சம் உள்ளேயே நிற்குமா?

ப: நிற்காது. 3 மீட்டர் அறையைக் கடக்க ஒளிக்கு 10 நானோ நொடி போதும். 95% எதிரொளிக்கும் கண்ணாடியில் நூறு முறை பட்டால் மிஞ்சுவது 0.6%. அதற்கு ஆகும் நேரம் ஒரு மைக்ரோ நொடி.

கே: நல்ல கண்ணாடி போட்டால் நிற்குமே! ஈர்ப்பலைகளைக் கண்டறியும் லைகோ ஆய்வகத்தில் நிற்கிறதே!

ப: அங்கும் நிற்கவில்லை. அதன் 4 கி.மீ. நீளக் குழாய்க் கரங்களில் லேசர் ஒளி ஏறத்தாழ 300 முறை போய் வருகிறது, அவ்வளவுதான். கசிவதை ஈடுகட்ட லேசர் ஓயாமல் ஊட்டிக்கொண்டே இருக்கிறது. உங்கள் அறைக்கு 99.999% கண்ணாடியே போட்டாலும், ஒரு லட்சம் முறை பட்டதும் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் இருக்கும். அதுவும் ஒரு மில்லி நொடிக்குள்.

கே: 100% என்றால்?

ப: அப்படிக் கண்ணாடி இல்லை. இருந்தாலும் நீங்கள் உள்ளே நின்றால் உங்கள் சட்டையே ஒளியைக் குடித்துவிடும்.

கே: அப்போ எட்டிப் பார்க்க ஒரு சின்ன ஓட்டை மட்டும் வைத்தால்?

ப: ஒளி அதன் வழியே போய்விடும். இது போதும், அடுத்த கேள்வி.

கே: பச்சை வராமல் செய்ய முடியுமா?

ப: முடியும். இரும்பு குறைந்த கண்ணாடி வாங்குங்கள், அல்லது முன்பரப்பில் பூச்சுள்ள கண்ணாடி. இரண்டாவதைத் துணியால் துடைத்தால் கீறல் நிரந்தரம். தூசியை ஊதித் தள்ளுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லேசர் வேண்டாம் என்று சொன்னது இதற்கும்தான்.