அந்துப்பூச்சி தொல்லையா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கே: கிச்சன்ல சாயங்காலமானா சின்னதா ஒண்ணு தள்ளாடி தள்ளாடி பறக்குது, இது என்ன பூச்சிண்ணா?

ப: சுவத்துல உக்காந்ததும் கிட்ட போய் றெக்கைய பாருங்க. தலைப்பக்கம் வெளிறின சாம்பல், மிச்சமெல்லாம் செம்புக் கலர், ரெண்டு துணிய ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தா அது இண்டியன் மீல் மாத். றெக்கைய விரிச்சாலே 16-20 மில்லிமீட்டர்தான். முழுக்க சாம்பலா, குறுக்க நெளிநெளியா கருப்புக் கோடு இருந்தா மாவு அந்து. வைக்கோல் கலர்னா நெல் அந்து, இதோட புழு தானியத்துக்கு உள்ளயே இருந்து தின்னுட்டு, பூச்சியாகி வட்டமா ஓட்டை வழியா வெளிய வரும், நூலாம்படை எதுவும் இருக்காது.

கே: இண்டியன்னு பேரு இருக்கே, இந்தியாவுல இருந்து பரவுனதா சார்?

ப: ஹாஹா, இல்லங்க. அமெரிக்காவுல மக்காச்சோள மாவுக்கு அப்போ இண்டியன் மீல்னு பேரு, அந்த மாவ திங்குதுன்னு 1856ல ஆசா ஃபிட்ச்னு ஒரு பூச்சி ஆராய்ச்சியாளர் அந்தப் பேர வச்சாரு, அப்படியே ஒட்டிக்கிச்சு. வீண் பழி!

கே: தினமும் நாலஞ்சு அடிக்கிறேன், தீரவே மாட்டேங்குது.

ப: நீங்க அடிக்கிறது திங்காத பூச்சிய. பறக்குறது ஜோடி சேந்து முட்டை போட்டுட்டு ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா செத்துரும், திங்கிறதெல்லாம் புழுதான். ஒரு பெண் பூச்சி நூத்துக்கணக்குல முட்டை போடும், வெக்கையா இருந்தா ஒண்ணர மாசத்துக்குள்ளயே அடுத்த தலைமுறை ரெடி. அதனால ஒவ்வொரு பாக்கெட்டா தொறந்து பாருங்க, மாவோ நட்ஸோ நூல்ல கோத்த மாதிரி கட்டி கட்டியா தொங்குச்சுன்னா அதான் மூலம். என் வீட்ல மூணு மாசம் அலமாரிய தலைகீழா கவுத்து தேடுனேன், கடைசில பாத்தா கட்டிலுக்கு அடில நாய்க்கு வாங்குன தீனி மூட்டை.

கே: புழு சீலிங்ல ஊருதே, அங்க என்ன இருக்கு திங்க?

ப: ஒண்ணுமில்ல, கூடு கட்ட இடம் தேடுது. வளந்த புழு தின்ன இடத்த விட்டு ரொம்ப தூரம் போயிடும், அதனால அதுக்கு நேர் கீழ மட்டும் தேடி ஏமாறாதீங்க. அலமாரி இடுக்கு, கீல், ஸ்க்ரூ ஓட்டை எல்லாத்தையும் வேக்யூம் போடுங்க.

கே: டப்பா மூடிதான் இருந்துச்சு, எப்படி போச்சு?

ப: பெரும்பாலும் வாங்கும்போதே முட்டை உள்ள இருந்திருக்கும், அர மில்லிமீட்டர் சைஸ், கண்ணுக்கே தெரியாது. இல்லன்னா அப்பதான் பொரிச்ச புழு திருகு மூடி மரை வழியா ஏறியிருக்கும். ரப்பர் வளையம் வச்ச கண்ணாடி ஜாடியத்தான் நான் நம்புவேன்.

கே: ஃபெரமோன் ட்ராப் போதுமாண்ணா?

ப: அது பெண் பூச்சியோட வாசனைய வச்சு இழுக்குற பொறி, அதனால ஆண் மட்டுந்தான் மாட்டும். இருக்கா இல்லையான்னு பாக்க நல்லது, ஒழிக்க போதாது.

கே: ஃப்ரீசர்ல வச்சா?

ப: மைனஸ் 18 டிகிரில ஒரு வாரம், முட்டையும் சேந்து சாகும். மூட்டையோட திணிக்காம சின்ன சின்னதா பிரிச்சு வைங்க, நடுவுல குளிர் ஏற நாளாகும்.

கே: பட்டுத்துணிய கடிக்குமா?

ப: கடிக்காது. அது துணி அந்து, வேற ஆளு. வெளிச்சத்த பாத்தா ஓடி ஒளியும்.