தடுப்பூசியும் பெற்றவர் உரிமையும் – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

என் மகனுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. அடுத்து தட்டம்மை ஊசி. மனைவி போடலாம் என்கிறாள், எனக்கு மனசு ஒப்பவில்லை. தடுப்பூசியைக் கட்டாயமாக்கும் சட்டங்களைப் பற்றிப் படித்தால் கோபம்தான் வருகிறது. பெற்றவனைவிட அரசாங்கத்துக்கு என் பிள்ளைமேல் அக்கறை அதிகமா? ஊசி போடாவிட்டால் பிள்ளையையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் போலிருக்கிறது. இதற்குப் பெயர் குழந்தை நலச் சட்டமா?

கே.

அன்புள்ள கே.,

தூக்கிக்கொண்டு போவதைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். மற்ற கேள்விகளுக்கெல்லாம் அடியில் இருப்பது அந்தப் பயம்தான் என்று தோன்றுகிறது.

செக் நாட்டில் தடுப்பூசி கட்டாயம். பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்த ஒரு தகப்பனுக்கு அங்கே அபராதம் போட்டார்கள். வேறு சில குடும்பங்களின் குழந்தைகளை மழலையர் பள்ளியில் சேர்க்கவில்லை. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2021 ஏப்ரலில் 16க்கு 1 என்ற கணக்கில் அரசின் பக்கம் தீர்ப்பு வந்தது. ஆனால் அந்தச் சட்டத்திலும் ஒரு குழந்தையைப் பிடித்துவைத்து வலுக்கட்டாயமாக ஊசி போட இடமில்லை. நீதிபதிகள் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் 2020 முதல் தட்டம்மை ஊசிக்கு இதேபோல ஒரு சட்டம் இருக்கிறது. அபராதம் 2,500 யூரோ வரை போகலாம். பணத்தில் கை வைக்கிறார்கள், சேர்க்கையில் கை வைக்கிறார்கள். பிள்ளையைப் பறிப்பது வேறு கதை.

அந்த வேறு கதைதான் எனக்கு சுவாரசியமானது. அடி, பட்டினி, போதை என்று வேறு காரணங்களுக்காக ஏற்கெனவே அரசின் பொறுப்பில் இருக்கும் குழந்தைக்கு ஊசி போட யார் கையெழுத்து வேண்டும்? 2017இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில உச்ச நீதிமன்றம், குழந்தை தற்காலிகமாகத்தான் அரசிடம் இருக்கிறது, பெற்றோர் வேண்டாம் என்றால் ஊசி போட மாநிலச் சட்டம் அரசுக்கு அதிகாரம் தரவில்லை என்றது. 2020இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் நேர் எதிராகச் சொன்னது: வழக்கமான தடுப்பூசி பெரிய மருத்துவ முடிவே அல்ல, குழந்தையின் பொறுப்பை உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்கும் நீதிமன்ற ஆணை (பராமரிப்பு ஆணை) இருந்தால், பொதுவாக அந்த அமைப்பே ஊசி போட முடிவெடுக்கலாம், ஒவ்வொரு முறையும் நீதிமன்றத்துக்கு வர வேண்டாம். ஆக, பிள்ளை அரசின் கையில் இருக்கும்போதுகூடப் பெற்றவர் சொல்லுக்கு ஓரிடத்தில் மதிப்பு இருக்கிறது. நான் இங்கிலாந்துத் தீர்ப்பின் பக்கம். ஆனால் ஊசியை மறுத்தார்கள் என்ற ஒன்றுக்காக மட்டும் ஒரு குழந்தையை வீட்டிலிருந்து பிரித்தால், நானும் உங்களோடு சேர்ந்து எதிர்ப்பேன். அந்தப் பிரிவு செய்யும் காயத்துக்குத் தடுப்பூசி கிடையாது.

சரி, அக்கறை யாருக்கு அதிகம்? உங்களுக்குத்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அக்கறைக்குத் தப்பு நடக்காது என்று அர்த்தமில்லை. என் மகளின் தடுப்பூசி அட்டை இப்போதும் என்னிடம் இருக்கிறது. தட்டம்மைக்கு எதிரே உள்ள கட்டத்தில் தேதி ஐந்து மாதம் தள்ளி விழுந்திருக்கும். ஜலதோஷம், பயணம், அப்புறம் யாரோ சொன்ன ஒரு கதை என்று நான்தான் தள்ளிப்போட்டேன். கடைசியில் செவிலியர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் ஊசியை எடுத்தார். மகள் ஊசி ஏறியதும் அழவில்லை. ஒரு நொடி என் முகத்தையே பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள். அந்த ஐந்து மாதமும் நான் அக்கறையோடுதான் இருந்தேன்.

தட்டம்மை காத்திருக்கும் நோய் அல்ல. நோயாளி எழுந்துபோன பிறகும் அந்த அறைக் காற்றில் கிருமி 2 மணி நேரம் வரை இருக்கும். பாதுகாப்பில்லாதவர்கள் பக்கத்தில் இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்குத் தொற்றும். ஊசி போடும் வயதே வராத கைக்குழந்தைகளைக் காப்பது சுற்றியிருக்கும் மற்றவர்கள் போட்டுக்கொண்ட ஊசிதான். இந்த எட்டு மாதமும் உங்கள் மகன் அந்த நிழலில்தான் இருந்திருக்கிறான்.

இன்னொன்று. இந்த விவாதத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டும் 1944ஆம் ஆண்டு அமெரிக்கத் தீர்ப்பு தடுப்பூசி வழக்கே இல்லை. ஒன்பது வயதுச் சிறுமியை இரவில் தெருவில் மதப் பத்திரிகை விற்க அழைத்துப்போன பெண்ணின் வழக்கு அது. பெற்றோர் தங்கள் நம்பிக்கைக்காகத் தியாகியாகலாம், பிள்ளைகளைத் தியாகியாக்க முடியாது என்றது நீதிமன்றம்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் ‘பெற்றவன்’ என்று ஒருமையில் எழுதியிருக்கிறீர்கள். பெற்றவர்கள் இரண்டு பேர். தாயும் தகப்பனும் இதில் முரண்பட்டு நீதிமன்றம் போனால், முடிவு ஒருவர் கையில் இருக்காது. குழந்தைக்கு எது நல்லது என்றுதான் நீதிபதி பார்ப்பார். உங்கள் மனைவி சொன்னதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஏன் போடலாம் என்கிறார் என்று அவரையே எழுதச் சொல்லுங்களேன், படிக்கிறேன்.