பின்பாட்டுக்காரர் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து இசை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் அந்த ஊர்ப் பாடகர் ட்ரிக்கியைக் கேட்க ஆரம்பித்தேன். அவருடைய முதல் ஆல்பம் மேக்சின்கே முதல் நாளே பிடித்துவிட்டது. அந்த வேகத்தில் ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸ் ஆல்பத்தைப் போட்டேன். மூன்று முறை முயன்றும் பாதியைத் தாண்ட முடியவில்லை, தலைவலிதான் மிச்சம். அப்புறம் யூட்யூப் தானாகவே அவருடைய ப்ளோபேக் ஆல்பத்தைப் போட்டது. ஒரே இரவில் இரண்டு முறை முழுதாகக் கேட்டேன். மனசு லேசானது. ஆனால் என் நண்பன், எனக்கு இந்த மாதிரி இசையையெல்லாம் அறிமுகப்படுத்தியவன், சிரிக்கிறான். “அது அவர் விலைபோன ஆல்பம்டா” என்கிறான்.

பிடிகொடுக்காத ஒரு ஆல்பத்துக்குப் பிறகு எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி ஒன்று செய்தால் அது சமரசமா? எனக்கு அது பிடித்ததற்கு நான் வெட்கப்பட வேண்டுமா?

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

வெட்கமெல்லாம் எதற்கு? இரவு இரண்டு முறை கேட்டீர்கள், நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அதற்கு நண்பரிடம் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. ‘பணத்துக்காகச் செய்தது’ என்பதை நான் ஒரு குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. ரோஜா படத்துக்கு இசையமைத்ததும் சம்பளத்துக்குத்தான்.

ரோஜாவைச் சும்மா இழுக்கவில்லை, காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் நான் சென்னையில் ஹாஸ்டலில் இருந்தேன். மேக்சின்கே ஒரு 90 நிமிட கேசட்டில் பதிவாகி என்னிடம் வந்தது. அட்டையில் பால்பாயிண்ட் பேனாவில் பெயர் தப்பும் தவறுமாக எழுதியிருக்கும். ஒரு ராத்திரி அதிலுள்ள ‘பிளாக் ஸ்டீல்’ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து அறைத் திருநெல்வேலிக்காரன், ஆங்கிலப் பாட்டு என்றாலே காத தூரம் ஓடுகிறவன், சோப்பு டப்பாவும் துண்டுமாகக் குளிக்கப் போகிற வழியில் வாசலில் நின்றான். “ஏல, இது நம்ம ருக்குமணி பாட்டுல்லா?” என்றான். நான் அந்தப் பாட்டை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். எனக்குப் பிடிபடவில்லை, அவனுக்குப் பத்து விநாடியில் பிடிபட்டுவிட்டது. ஆமாம், ரோஜாவின் ‘ருக்குமணி ருக்குமணி’யில் ரஹ்மான் போட்ட தாளத்தை வெட்டியெடுத்துச் சுற்றவிட்டு, அதன்மேல் கிதார்களை அலறவிட்டிருக்கிறார் ட்ரிக்கி. பாட்டின் வரிகள் பப்ளிக் எனிமி என்ற அமெரிக்க ஹிப்-ஹாப் குழுவுடையவை: ராணுவத்துக்கு வர மாட்டேன் என்று மறுத்துச் சிறைக்குப் போன கறுப்பின மனிதனின் கோபம். அதைப் பாடுவதோ மார்ட்டினா டாப்லி-பேர்ட் என்ற இளம்பெண். கல்யாண வீட்டுத் தாளம், சிறைச்சாலைக் கோபம், தூங்கி எழுந்த மாதிரி ஒரு பெண்குரல். இது மூன்றும் ஒரே பாட்டில் பொருந்தும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

உங்கள் கேள்விக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. ட்ரிக்கி இயல்பிலேயே கடினமானவர், ப்ளோபேக்கில்தான் இறங்கிவந்தார் என்று நீங்களும் நினைக்கிறீர்கள், உங்கள் நண்பரும் நினைக்கிறார். அது சரியில்லை. அவருடைய ஆல்பங்களிலேயே ஜனங்கள் அதிகம் கொண்டாடியது முதல் ஆல்பம்தான். 1995இல் வந்தபோது பிரிட்டிஷ் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 3ஆம் இடம் வரை ஏறியது. அதில் ‘ஹெல் இஸ் ரவுண்ட் த கார்னர்’ எதன்மேல் நிற்கிறது? அமெரிக்கப் பாடகர் ஐசக் ஹேய்ஸின் பழைய பாட்டு ஒன்றின் துண்டின்மேல். கிட்டத்தட்ட அதே சமயத்தில் அதே ஊர்க்காரர்களான போர்ட்டிஸ்ஹெட் குழுவினர் தங்கள் ‘குளோரி பாக்ஸ்’ பாட்டுக்கும் அதே துண்டைத்தான் எடுத்தார்கள். இரண்டுமே ஹிட். அப்படி ஒட்டிக்கொள்கிற மெட்டு அது. ஆக, சுலபமான பாட்டு ட்ரிக்கிக்குப் புதிதல்ல. தொடங்கியதே அங்கிருந்துதான்.

ஆனால் அந்தச் சுலபம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அவர் நோல் வெஸ்ட்டில் வளர்ந்தவர். பிரிஸ்டலின் தெற்கே இருக்கும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு அது. நான்கு வயதில் அம்மா தற்கொலை செய்துகொண்டார். அம்மாவின் பெயர் மேக்சின் குவே, அதைச் சேர்த்து எழுதியதுதான் ஆல்பத்தின் தலைப்பு. மார்ட்டினா அவர் வீட்டுப் பக்கம் ஒரு சுவரின்மேல் உட்கார்ந்திருந்த பள்ளி மாணவி, அப்படித்தான் அறிமுகம் என்பார்கள். ட்ரிக்கி தான் எழுதியதைத் தானே பாடாமல் அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். பிறகு அவள் பாடும்போது பின்னாலிருந்து அதே வரிகளை முணுமுணுத்தார். ‘ஆஃப்டர்மாத்’ பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். மார்ட்டினா நிதானமாகப் பாடிக்கொண்டு போவார், அந்த வரியின் அடியில் கரகரவென்று ஒரு ஆண்குரல் ஊர்ந்து வரும். ஆல்பத்தில் பெயர் ட்ரிக்கியுடையது, அம்மா அவருடைய அம்மா. பாட்டுக்குள் மட்டும் அவர் பின்பாட்டுக்காரர். பஜனை மடத்தில் முன்னால் பாடுகிறவரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் ஓரத்தில் உட்கார்ந்து வாங்கிப் பாடுகிறவர் அன்றைக்கு வரவில்லையென்றால் பாட்டு மொட்டையாகிவிடும். ட்ரிக்கி தானாகவே போய் அந்த ஓரத்தில் உட்கார்ந்தார்.

புகழ் வந்தது, அவருக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. மெதுவான ஹிப்-ஹாப் தாளத்தில் ஓடும் இந்த வகை இசைக்கு ட்ரிப்-ஹாப் என்று பெயர் வைத்து அவர் தலையில் கட்டினார்கள், அந்தப் பெயரே அவருக்குப் பிடிக்காது. ஹோட்டலிலும் துணிக்கடையிலும் பின்னணியில் ஓடவிட ஏற்ற இசையாக அது ஆகிக்கொண்டிருந்தது. அவர் எதிர்ப்பக்கம் ஓடினார். 1996இல் மட்டும் இரண்டு ஆல்பம்: நியர்லி காட், ப்ரீ-மில்லெனியம் டென்ஷன். இரண்டும் இருட்டு. உங்களுக்குத் தலைவலி கொடுத்த ஆல்பம் வந்தது 1998இல்தான்.

அந்தத் தலைவலிக்கு உங்கள் காதைக் குறை சொல்லாதீர்கள். மேக்சின்கேயில் தாளம் ஒரே இடத்தில் சுற்றும், நம் உடம்பு இரண்டு சுற்றில் அதைப் பிடித்துக்கொள்ளும். ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸில் ஆட்கள் கூடி வாசிக்கிறார்கள், டிரம்ஸ் ஒரு இடத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறது. கிதார் ஒரு கீறல், ஒரு நிறுத்தம், மறுபடி கீறல். மெட்டு என்று நாம் பற்றிக்கொள்ளப் போகும் நேரத்தில் அது நகர்ந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பின்பாட்டுக்காரர் முன்னால் வந்துவிட்டார். மார்ட்டினா இருக்கிறார், ஆனால் ஓரமாக. பெரும்பாலும் ட்ரிக்கியின் முணுமுணுப்புதான், பேச்சு நிற்காத ஒரு ஆளின் பக்கத்தில் இரவு பஸ்ஸில் மாட்டிக்கொண்ட மாதிரி. ரெக்கார்ட் கம்பெனிகளைத் திட்டியே ஒரு பாட்டு, தலைப்பே ‘ரெக்கார்ட் கம்பெனிஸ்’. இருந்தாலும் அந்த வீட்டுக்கு ஒரு வாசல் உண்டு: பி.ஜே. ஹார்வி என்ற ஆங்கிலேயப் பாடகி பாடும் ‘ப்ரோக்கன் ஹோம்ஸ்’. நான்காவது முறை முயன்றால் அங்கிருந்து நுழையுங்கள். அதுவும் ஒத்துவரவில்லையென்றால் விட்டுவிடலாம், குடி முழுகாது.

1999இல் ஜக்ஸ்டபோஸ் வந்தது. டிஜே மக்ஸ், கிரீஸ் என்ற இரண்டு தயாரிப்பாளர்களோடு சேர்ந்து செய்தது. சின்ன ஆல்பம், ஹிப்-ஹாப் பக்கம் சாய்ந்தது. எனக்கு அதைப்பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.

சரி, ப்ளோபேக். 2001. கம்பெனிகளைத் திட்டியவர் அமெரிக்காவில் இதை வெளியிட்டது ஹாலிவுட் ரெக்கார்ட்ஸ் மூலமாக, அதாவது டிஸ்னியின் கம்பெனி. உங்கள் நண்பர் சிரிப்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது, அதை அவருக்கே விட்டுவிடுகிறேன். விருந்தாளிப் பட்டியல் கல்யாணப் பத்திரிகை மாதிரி: ஆலனிஸ் மோரிசெட், சிண்டி லாப்பர், ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் ஆட்கள், லைவ் குழுவின் எட் கோவால்சிக். ஜமைக்கா பாணியில் குரலெடுக்கும் ஹாக்மேன், ஆம்பர்சன்ஷவர் என்ற பாடகி. மார்ட்டினா மட்டும் இல்லை.

‘எவல்யூஷன் ரெவல்யூஷன் லவ்’ எனக்கும் பிடிக்கும். காரில் போட்டால் கை தானாக ஸ்டியரிங்கில் தட்டும். ‘எக்சஸ்’ பரவாயில்லை ரகத்துக்கு ஒரு படி மேல். ‘ஃபைவ் டேஸ்’தான் இதில் எனக்குப் பிரியமானது. எண்பதுகளில் துள்ளிக்கொண்டிருந்த லாப்பரை இதில் தேடினால் கிடைக்க மாட்டார். ‘கேர்ள்ஸ்’ வந்தால் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவேன். ட்ரிக்கி தன் ஆல்பத்திலேயே இடமில்லாமல் வாசல்படியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். வொண்டர் வுமன் டிவி தொடரின் மெட்டை வைத்துச் செய்த பாட்டைக் கேட்கும்போதெல்லாம் யாரோ பந்தயத்தில் தோற்றுவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டு பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘யூ டோன்ட் வான்னா’ யூரித்மிக்ஸ் குழுவின் எண்பதுகளின் ஹிட்டான ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’ மேல் கட்டியது. முதல் விநாடியிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரிய வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார், அந்த அடையாளம்தான் வியாபாரம். ரோஜாவின் தாளத்தை எடுத்த கையும் இதே கைதான். ஆனால் அங்கே எடுத்தது இடம் மாறி, உருமாறி, என்னைப் போன்றவன் நூறு தடவை கேட்டும் கண்டுபிடிக்க முடியாதபடி கிடந்தது. இன்னொன்று நிர்வாணா என்ற ராக் குழுவின் ‘சம்திங் இன் த வே’. அந்தக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் அதை ஏறக்குறைய வாய்க்குள்ளேயே பாடியிருப்பார். முணுமுணுப்புக்கென்றே பிறந்த பாட்டு. முணுமுணுப்பிலேயே பேர் வாங்கிய மனிதர், அதில் பெரும்பகுதியை ஹாக்மேனின் உரத்த குரலுக்குக் கொடுத்துவிட்டார்! ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தைரியமான முடிவு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது கைக்கு வந்ததை நழுவவிட்டது போலத்தான் படுகிறது.

விருந்தாளிகளை அழைப்பது தவறா என்றால் இல்லை. நியர்லி காடிலும் பியோர்க், டெரி ஹால், நெனே செர்ரி, அலிசன் மோயே என்று பெரிய கூட்டம்தான். ஆனால் அங்கே அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ட்ரிக்கியின் இருட்டறைக்குள் வந்தார்கள். உள்ளே போனபின் யார் பெரிய ஆள், யார் சின்ன ஆள் என்று தெரியாது. ப்ளோபேக்கில் பாதிப் பாட்டுகளில் ட்ரிக்கிதான் அவர்கள் வீட்டுக்குப் போய் சோபா நுனியில் உட்கார்ந்திருக்கிறார்.

அதனால் உங்கள் நண்பரோடு எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் சொல்கிற அளவுக்கு அந்த ஆல்பத்தை என்னால் தூக்கிவைக்கவும் முடியவில்லை. எளிமையாகிவிட்டது என்பது என் குறையே அல்ல. மேக்சின்கே இதைவிட எளிமை. அங்கே பெரும்பாலும் ஒரே பெண்குரல் பார்த்த வேலையை இங்கே ஏழெட்டுப் பேருக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள், எல்லோரும் நன்றாகவே பார்க்கிறார்கள், வேலை மட்டும் முடியவில்லை. ஒரு குரலோடு ஒட்டிக்கொண்டு பின்னாலேயே போக ட்ரிக்கிக்கு அதில் ஆளில்லை. ஒவ்வொரு பாட்டிலும் புதிதாக அறிமுகம் செய்துகொள்கிறார்.

மார்ட்டினா 2003இல் குயிக்ஸாட்டிக் என்று தன் பெயரில் முதல் ஆல்பம் போட்டார். பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசுக்கான அந்த வருட இறுதிப் பட்டியலில் அது இருந்தது. அதில் ‘ராகா’ (Ragga) என்று ஒரு பாட்டு, ட்ரிக்கியும் அதில் உண்டு. ப்ளோபேக்கை மூன்றாவது முறை கேட்கப் போகிறீர்கள் என்றால் முதலில் அந்த ஒரு பாட்டைப் போட்டுவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள். எப்படி இருந்தது என்று எழுதுங்கள். நண்பரையும் எழுதச் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.