பெண் குரலோடு வரும் டிரிப்-ஹாப்: எங்கிருந்து தொடங்கலாம்?

மெதுவான மின்னணுத் தாளமும் பெண் குரலும் சேர்ந்த இசை பிடித்திருக்கிறது, எதிலிருந்து கேட்கத் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: போர்ட்டிஸ்ஹெட் குழுவின் 'டம்மி' ஆல்பம், 1994.

டிரிப்-ஹாப் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் வளர்ந்த இசை. ஹிப்-ஹாப்பின் டிரம்ஸை வேகம் குறைத்து, ஜமைக்காவின் டப் இசையிலிருந்து கனமான பேஸை (ஆழமான கீழ் ஒலியை) எடுத்துக்கொண்டார்கள். 'டம்மி'யில் பழைய இசைத்தட்டின் கரகரப்பு கேட்கும். குழுவினர் தாங்களே வாசித்ததை வினைல் தட்டில் பதித்து, அதிலிருந்து மறுபடி சாம்பிள் எடுத்தார்கள், அதாவது சிறு ஒலித்துண்டுகளை வெட்டியெடுத்துப் பாடலில் சேர்த்தார்கள். அந்தக் கரகரப்புக்கு நடுவே பெத் கிப்பன்ஸின் குரல், உடைந்துவிடுமோ என்று நம்மைப் பயப்பட வைக்கும். முதல் தடவை ஹெட்போனில், இரவில் கேளுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் பேஸ் பாதி காணாமல் போய்விடும்.

அப்புறம் மாசிவ் அட்டாக் குழு. 'ப்ளூ லைன்ஸ்' (1991) ஆல்பத்தில் ஷாரா நெல்சன், 'மெஸனைன்' (1998) ஆல்பத்தில் எலிசபெத் ஃப்ரேசர். ஃப்ரேசர் பாடிய 'டியர்டிராப்' பாடலில் சொற்கள் சரியாகப் புரியாது. புரியவும் வேண்டாம், அங்கே குரலே ஒரு வாத்தியம்.

இருள் அதிகம் வேண்டுமென்றால் டிரிக்கியின் 'மேக்ஸின்க்வே' (1995) ஆல்பம், அதில் பாடுபவர் மார்ட்டினா டாப்லி-பேர்ட். இதமாக வேண்டுமென்றால் மார்ச்சீபா குழுவின் பாடகி ஸ்கை எட்வர்ட்ஸ்.

ஒரு குரல் பிடித்துவிட்டால் அந்தப் பாடகி வேறு எந்தக் குழுவில் பாடியிருக்கிறார் என்று தேடுங்கள். ஃப்ரேசரைத் தேடினால் காக்டோ ட்வின்ஸ் வரும். அதற்கு ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள்.